நான்காவது பாடம்

"யுனிவர்சிட்டிக்கு மூணு பாடம் போதுமே. நாலாவதா ஸ்பானிஷ் எதுக்கு? வேண்டுதலா?" என்று ஹால்டன் சார் கேலி செய்தார்.

"ஸ்பெயின்ல ஒருத்தங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும் சார்," என்றாள் டாம்சின்.

"அதுக்கு ரெண்டு வருஷமா? யாரையாவது விட்டுக் கேளேன்."

"இன்னொருத்தர் வாயால கேக்கிற கேள்வி இல்ல சார்."

இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரைக்குத் தோழிகள் கூப்பிட்ட ஞாயிறுகளிலெல்லாம் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டினாள். தேர்வு முடிவு வந்த அன்றே ஸ்பெயினின் வலென்சியாவில் இருந்த ஒரு நர்ஸுக்கு ஃபோன் செய்து, தடுமாறாமல் ஸ்பானிஷில் கேட்டாள்.

"பைக் விபத்துல செத்துப்போன ஜோரியோட தங்கச்சி பேசறேன். நீங்கதான் கடைசிவரைக்கும் கையைப் பிடிச்சிட்டிருந்தீங்களாம். அண்ணன் என்ன சொன்னான்?"



"நிறையப் பேசினான்மா," என்றாள் நர்ஸ். "எல்லாம் இங்கிலீஷ்ல. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல."