நாலு கோடு சிக்னல்

"வெளிநாட்டு போன் இங்க எடுக்குமாண்ணே?"

கேட்டுக்கொண்டே படியேறிய இளைஞன், பெட்டி பிரிக்காத ஒரு போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். அவனுக்குப் பின்னால் வயதான ஓர் அம்மாவும் அவர் மகளும் தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள்.

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "சிலது எடுக்கும், சிலது முரண்டு பிடிக்கும். உங்களுதா?"

"இல்லண்ணே, இவங்க பையன் கொடுத்தனுப்பினது. அங்க ரெண்டு பேரும் ஒரே ரூம். கட்டிலுக்கு வெளிய ஒரு முழம் கால் நீட்டிக்கிட்டுத் தூங்குவான், நெட்டையன்னுதான் கூப்பிடுவோம். வீட்டுல கொண்டுபோய்க் கொடுக்கறேன்னேன். பெயிண்ட் அடிக்கிறாங்க, நிக்க இடமில்ல, கடைக்கே வந்துடறோம்னு இந்த அக்கா சொல்லிட்டாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் கண் போனைவிட்டு நகரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஒரு புது சிம்மைச் செருகினார். திரை வெளிச்சமாயிற்று. மேல் மூலையில் சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

"எடுக்கலையே" என்றார். "ரெண்டுல ஒண்ணா இருக்கும். ஒண்ணு, அங்க வித்த கம்பெனியே பூட்டு போட்டிருப்பான். இல்லன்னா, இங்க உள்ள அலைவரிசை இதுக்கு ஒத்துக்காது."

அம்மாவிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. பாவம், எவ்வளவு ஆசையாக வந்திருப்பார் என்று கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"எடுக்கலன்னா பரவாயில்லண்ணே" என்றாள் அக்கா அவசரமாக. "பழைய போன்லயே பேசிக்கிறோம். நீங்க கஷ்டப்படாதீங்க."

"என்னக்கா பரவாயில்லைங்கறீங்க?" இளைஞன் பதறினான். "கடை கடையா என்னை இழுத்துக்கிட்டு அலைஞ்சு வாங்கினான் இதை. அப்பாவுக்குக் காது மந்தம், போன்ல பேச வராது, அம்மாதான் அவர் சொன்னதா எடுத்துச் சொல்றாங்க, முகத்தையாவது பாக்கணும்டான்னு ராத்திரியெல்லாம் புலம்பல். நேர்ல வந்து பாக்கவும் வழியில்ல. அங்க தங்கறதுக்கு வேண்டிய பேப்பர் இன்னும் கைக்கு வரல. இப்பக் கிளம்பி வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க, பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும். வீடியோல அப்பா முகத்தைக் காட்டாம அங்க திரும்பிப் போனேன்னா என்னை ரூமுக்குள்ளயே சேர்க்க மாட்டான்."

"அப்பா முகமா?" கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அப்ப விடக்கூடாது."

வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதே பெருக்கல் குறி. அணைத்துப் போட்டார். இன்னொரு சிம். யாருக்கோ போன் செய்து, எந்தப் பக்கத்தில் போய் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் திரையைத் தட்டினார். நெற்றியில் வேர்வை அரும்பியது. அக்கா அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். அம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அந்த வேண்டுதலைப் பார்க்கப் பார்க்கக் கடைக்காரருக்குத் தன் கைராசிமேலேயே கோபம் வந்தது.

திடீரென்று பெருக்கல் குறி மறைந்தது. ஒரு கோடு. இரண்டு. பிறகு நாலும் நிமிர்ந்து நின்றன.

"வந்துடுச்சும்மா" என்றார்.

அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் தளும்பி நின்றது. கடைக்காரரும் வேறு பக்கம் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார். வீடியோவில் பேசுவதற்கு வேண்டியதையெல்லாம் கையோடு ஏற்றிக் கொடுத்தார்.

"நெட்டையனுக்குப் புது நம்பரைச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று இளைஞன் தன் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு ஓடினான். தெருவில் வண்டிகளின் இரைச்சல். ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவன் கத்திப் பேசுவது கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரிந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

மேஜைமேல் புதுப் போன் அதிர்ந்தது. திரையில் வழுக்கை விழத் தொடங்கிய ஒரு தலை, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

"உங்க மகன்தாம்மா. அந்தப் பச்சையைத் தொடுங்க."

அம்மா தொடவில்லை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூச்சப்படாதீங்கம்மா. நான் வேணும்னா எடுத்துக் கொடுக்கறேன்." கடைக்காரர் கையை நீட்டினார்.

அம்மா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. எப்படியாவது இதைப் பழையபடி எடுக்காமப் பண்ணிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார், வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "அவன் கேக்கற முகத்துக்கு நான் எங்க போவேன்? அவரை மண்ணுக்குள்ள வச்சு எட்டு மாசமாச்சு."