செருப்பு தின்ற தெரு

நகரம் வடிவமைக்கும் தேர்வில் இரண்டு தடவை தோற்ற வள்ளிமயில், மூன்றாவது தடவை வேலூருக்கு வெளியே ஒரு நகரத்தையே முளைக்க வைத்தாள். கீழே எது கிடந்தாலும் இரண்டே நிமிடத்தில் தெரு அதை விழுங்கி மரங்களுக்கு உரமாக்கிவிடும்.

மதிப்பெண் போட வந்த சம்பந்தம் சார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தால் செருப்பைக் காணோம்.

"அந்த வேப்பமரத்துக்குப் போயிடுச்சு சார்," என்றாள் வள்ளிமயில்.

"புதுத் தோல் செருப்பும்மா! செருப்ப வாசல்லதான் விடுவோம்னு தெரியாதா? இந்தத் தடவையும் உனக்கு முட்டைதான்!"

சித்திரை உச்சிவெயிலில் வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்தவர், நகரத்தின் எல்லையில் சட்டென்று நின்றார்.

"ஏம்மா, இவ்வளவு தூரம் வந்தும் கால் சுடவே இல்லையே! வழியெல்லாம் மர நிழலா இருக்கே!"

அங்கேயே 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எதிரே பழைய தார் ரோடு கொதித்தது.

"ஏழாம் நம்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் உன் ஊர்லயே இருக்கேன்."