மறைக்காமல் சொல்லவும்

“தப்பா நினைக்காதீங்க தம்பி. இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்க. என் மண்டையில ஏறவே இல்லை.”

கல்யாண கான்ட்ராக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நேற்று ஒரு கல்யாணம், நாளை மறுநாள் இன்னொன்று. நடுவில் கிடைத்த இந்தக் காலைப்பொழுதில் ஒரே ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று இருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் அம்மாவோ அவரைக் கொட்டாவிகூட விட விடவில்லை.

“அம்மா, மழை கொட்டி மண்டபத்துக்குள்ள தண்ணி வரலாம். கரண்ட் கோளாறுல மேடை எரியலாம். பொண்ணோ மாப்பிள்ளையோ ஆஸ்பத்திரியில படுக்கலாம். அதனால கல்யாணம் நின்னு போனா, வர்ற நஷ்டத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும். அவ்வளவுதான்.”

“அப்ப ஏற்கெனவே போட்ட ஒப்பந்தம் எதுக்கு?”

“அது உங்களுக்கும் எனக்கும் நடுவுல. நான் என்ன செய்யணும், நீங்க என்ன செய்யணும், பாதியில நின்னா யார் தலையில விழும்னு அதுல இருக்கு. இது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுல.”

“ஓஹோ” என்று தலையாட்டிய அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால், புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

ஒரு காலத்தில் கான்ட்ராக்டரும் வாய்வார்த்தையை நம்பித்தான் தொழில் செய்தார். ஒரு வெள்ளத்தில் கல்யாணம் நின்று, வீட்டுக்காரர்கள் கையை விரிக்க, சாமான் ஏற்றும் வேனை விற்றுத்தான் கரையேறினார். பட்டால்தானே புத்தி வரும். அன்றிலிருந்து, இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்தக் கல்யாணத்திலும் அவர் கை வைப்பதில்லை.

அந்த அம்மாவின் செல்போன் அதிர்ந்தது. கீழே வண்டியை நிறுத்த இடம் இல்லாததால் கணவர் காரிலேயே இருந்தார். அவர் குரல் போனையும் மீறி அறைக்குள் கேட்டது.

“ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா? பொண்ணு தையல்கடையில காத்துக்கிட்டு இருப்பா. அவளைக் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும்னு நினைப்பு இருக்கா, இல்லையா?”

“இதோ முடிஞ்சதுங்க. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு நீங்கதானே சொல்வீங்க.”

அந்த மனிதரைக் கான்ட்ராக்டருக்கு நன்றாகத் தெரியும். மேடைக்கு என்ன நிறம் வேண்டும் என்று பெண்ணைக் கேட்டால், அப்பா சொன்னார். பாட்டுக் கச்சேரி வேண்டுமா என்று கேட்டதற்கும் அப்பாதான் சொன்னார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கான்ட்ராக்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பந்தல் போட வந்தவன் பஞ்சாயத்துப் பண்ண முடியுமா?

“தம்பி, யாருக்காவது மனசு மாறி நின்னு போச்சுன்னா?”

“மனசுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கிடையாதும்மா. அப்படி ஒண்ணு இருந்தா நான் இந்தத் தொழிலை விட்டுட்டு அதை விக்கப் போயிடுவேன்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “அப்ப நஷ்டம் மாப்பிள்ளை வீட்டுக்கும் வருமா?”

“ஒப்பந்தத்துல அவங்க கையெழுத்தே இல்லையே. உங்க வீட்டுக்காரரோட போச்சு.”

“சமையல்காரங்க, பூக்காரங்க எல்லாம்?”

“நாளைக்குத்தான் அவங்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி சொல்லிட்டா அந்தத் தேதிக்கு வேற வேலை பிடிச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் சொன்னா அவங்க வயித்துல அடிச்ச மாதிரி.”

“நாளைக்குத்தானே. நல்லது.”

கான்ட்ராக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஒப்பந்தத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்தவர். இந்த அம்மாவும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கீழே ஹாரன் நீளமாக ஒலித்தது. அந்த அம்மா ஆறிப்போன தேநீரை எடுத்து, சுடச்சுடக் குடிப்பவரைப்போல மிடறு மிடறாகக் குடித்தார்.

“இந்தக் கல்யாணத்தை வேற தேதிக்கு மாத்தினா அதே பாலிசி செல்லுமா தம்பி?”

அதற்கும் பதில் சொன்னார். மண்டபத்துக்காரர் ஏமாற்றினால் என்ன ஆகும், விருந்தாளி வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்கும் சொன்னார். தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் படிவத்தின் முடிவுப் பக்கத்தைத் திருப்பி அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

“இது ஒண்ணுதான் பாக்கி. இந்தக் கல்யாணத்தை நிறுத்தக்கூடிய விஷயம் ஏதாவது உங்களுக்கு இப்பவே தெரியுமான்னு கம்பெனி கேக்குது. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தெரிஞ்சதை மறைச்சா மட்டும் பாலிசி செல்லாது. அது இந்தத் தொழிலோட தர்மம்.”

அந்த அம்மா கேள்வியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“பாலிசி வேண்டாம் தம்பி.”

கான்ட்ராக்டருக்கு அழுகைகூட வரும்போல இருந்தது. காலை முழுவதும் பேசியது விழலுக்கு இறைத்த நீரா?

“ஏம்மா, இவ்வளவு நேரம் கேட்டுட்டு இப்ப வேண்டாம்னா எப்படி?”

அந்த அம்மா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தில் ஓர் அமைதி தெரிந்தது.

“உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன். தையல்கடையில யாரும் காத்துக்கிட்டு இல்லை தம்பி. பொண்ணுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, நான்தான் காலையில டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்தேன். இந்நேரம் வண்டி கிளம்பியிருக்கும். இனிமே அவரை மேல கூப்பிடுங்க.”