நம் நாட்டு வைரஸ்

“பாக்கியலெட்சுமி ஆர்? அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியில வாங்கோ!”

ஜீப்பிலிருந்து இறங்கியவர் போட்ட சத்தத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டன. யுத்தம் முடிந்து ஆறு மாதமாகியும் ஜீப்பைக் கண்டால் ஒளிகிற பழக்கம் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

பாக்கியலெட்சுமி முந்தானையில் முடிந்திருந்த அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஐயா, ஆபத்துக்குப் பாவமில்லைன்னுதான்...” என்று இழுத்தாள்.

வந்தவர் சிரித்துவிட்டார். “பயப்படாதேங்கோ தங்கச்சி, நான் பொலிஸ் இல்லை. டொக்டர் தர்மராசா, பதுளையில இருந்து வாறன். நாலு மாசத்துக்கு முந்திக் காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்கு வந்தனீங்கள்தானே? தொண்டைக்குள்ள பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்தவை, ஞாபகம் இருக்கோ?”

பாக்கியலெட்சுமி திரும்பி, வாசலில் நின்ற நாத்தனார் சுபாஜினியைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே வயதுதான்.

“இருக்குங்க” என்றாள் சுபாஜினி. “ஓங்கரிச்சிக்கிட்டு வந்துச்சு. எட்டு நாள் வச்சிருந்துதான் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க.”

காய்ச்சல்காரியைவிடத் துணைக்கு நின்றவளுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று டொக்டர் நினைத்துக்கொண்டார். யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அன்றைக்கு ஒரே குஷி.

“அந்தச் சளியில இருந்தது புது வகை வைரஸ். வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு அதை வச்சுத் தடுப்பூசி செய்யப் போகுது. முந்தியெண்டா கேட்ட உடன அனுப்பிப்போட்டு, பிறகு ஊசிக்கு நாங்கள் வரிசையில நிப்பம். இந்தோனேசியாக்காரன்தான் முதல்ல முழிச்சவன். ‘ஊசியில பங்கில்லாட்டி வைரஸும் இல்லை’ எண்டிட்டான். இப்ப நாங்களும் அப்பிடித்தான். எங்கட நாட்டு வைரஸ், எங்கட சொத்து!”

சளிக்குச் சொந்தம் கொண்டாடுகிற மனிதரை லயம் அன்றைக்குத்தான் பார்த்தது. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“ஆனா கொம்பனிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. ‘உங்கட நாட்டு வைரஸ் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? அந்தக் காய்ச்சல்காரி உங்கட பிரஜைதானோ? பிரஜை எண்டால் பங்கு, இல்லாட்டி ஒண்டும் இல்லை’ எண்டு ஒற்றைக்காலில நிண்டவன். நான் விட்டனோ? அடையாள அட்டை நம்பரோட படிவத்தை அனுப்பினன். வாயடைச்சுப் போனான்!”

டொக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதிலிருந்த படத்தைக் காட்டினால் பெற்ற தாய்கூட யாரென்று கேட்பாள். நம்பர் சரியாக இருந்தது, அவருக்கு அது போதும்.

“அப்ப ஊசி எங்க லயத்துக்கும் வருமாங்க?” என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி. இந்தக் காய்ச்சலில் கீழே பணிய லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் ஒரு கைக்குழந்தையும் போய்விட்டார்கள். தன் பிள்ளைகள் இரண்டும் லேசாகத் தும்மினால்கூட அவள் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

“என்ன அப்பிடிக் கேட்டுப்போட்டீங்கள்? முதல் ஊசியே தோட்டத்துப் பிள்ளையளுக்குத்தான் எண்டு ஒப்பந்தத்தில எழுதியாச்சு. நாளைக்குக் கையெழுத்து. ஒரேயொரு வேலைதான் மிச்சம். காய்ச்சல் வந்த ஆளின்ர ரத்தம் கொஞ்சம் வேணுமாம். அதை வச்சுத்தான் ஊசி சரியோ எண்டு பாப்பாங்கள். கையை நீட்டுங்கோ.”

டொக்டர் அவள் கையில் ரப்பர் பட்டியை இறுக்கிக் கட்டினார். நரம்பைத் தட்டிப் பார்த்து ஊசியைக் கிட்டே கொண்டுபோனபோது பாக்கியலெட்சுமி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஐயா, ரத்தம் மாறிப் போச்சுன்னா அந்த ஊசி புள்ளைங்களுக்கு ஆகாதுங்களா?”

“ஆகாதுதானே. அதுக்காகத்தான் அதே ஆளின்ர ரத்தம் வேணும் எண்டுறன்.”

பாக்கியலெட்சுமி ரப்பர் பட்டியைத் தானே அவிழ்த்தாள். சுபாஜினியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள்.

“இவகிட்ட எடுங்க. காய்ச்ச வந்தது இவளுக்குத்தாங்க. பசறை ரோட்டுல செக்கிங் நடந்துச்சு. கார்டு இல்லாட்டி பஸ்ஸ விட்டு எறக்கிப்புடுவாங்கன்னு என் கார்டக் குடுத்து அனுப்புனேன். ஆஸ்பத்திரியிலயும் அதப் பாத்து எம் பேரையே எழுதிக்கிட்டாங்க. எங்கள மன்னிச்சிக்கங்க ஐயா.”

டொக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அனுபவசாலி, சமாளித்துக்கொண்டார். சுபாஜினியின் கையில் ரத்தத்தை எடுத்து முடித்தார். பிறகு பையிலிருந்த படிவத்தை வெளியே எடுத்து, பழைய நம்பரை ஒரே கோட்டில் வெட்டினார்.

“பரவாயில்லை விடுங்கோ. ஆர்ர பேரெண்டால் என்ன, எங்கட நாட்டு ஆள்தானே! நம்பரை மாத்தினாச் சரி, எங்கட பங்கை ஒருத்தனும் தொட ஏலாது.” பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு சுபாஜினியைப் பார்த்தார். “உங்கட அட்டையைக் கொண்டு வாங்கோ தங்கச்சி.”

சுபாஜினி தலையைக் குனிந்துகொண்டாள். பாக்கியலெட்சுமிதான் பதில் சொன்னாள்.

“அதத்தாங்க ஆறு வருசமா ஆபீஸ் ஆபீஸா ஏறி நாங்களும் கேக்குறோம், இவ இந்த நாட்டு ஆளே இல்லைங்கிறாங்க!”