ஒரே அளவு

மூன்று நாளாக மீனலோசனிக்குக் கண்ணெல்லாம் ஒரே எரிச்சல். பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை அவளுடையது. சிவசம்பு என்பவர், ஜோடி சேர்த்து ஆடும் நாற்பது விலங்கு அட்டைகளுக்கான படங்களை டிஸ்கெட்டில் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஜோடி அட்டையும் ஒவ்வோர் அளவு. யானை உள்ளங்கை அகலம், எறும்பு தீப்பெட்டி அகலம்.

"என்ன அரைகுறை வேலை அண்ணே இது!" என்றாள் முதலாளி வாசுவிடம்.

"அளவ மட்டும் மாத்த வேணாம்னு போன்ல சொன்னாரே."

"அவருக்கு என்ன தெரியும் லா? இப்படியே அடிச்சா நம்ம கடை பேருதான் கெட்டுப்போகும்."

படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் வெட்டிச் சரிசெய்ய அவளுக்குத் தெம்பில்லை. படத்தைத் திறந்து, ஒரே அளவாக்கி, கரை போட்டுச் சேமிப்பதைக் கம்ப்யூட்டரே தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது இருபது தடவை பாதியில் நின்று உயிரை வாங்கியது. மூன்றாம் நாள் ஒருவழியாக ஓடியது. அன்றே அச்சடித்து, அட்டைகளை வெட்டியும் முடித்தார்கள்.

மறுநாள் சிவசம்பு மகளோடு வந்தார். மீனலோசனி திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே அட்டைக்கட்டை நீட்டினாள்.

"எல்லாம் இப்ப ஒரே அளவு, அங்கிள். மூணு நாள் வேலை."

நிமிர்ந்து பார்த்தாள். அவர் அட்டைகளின் ஓரங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு வெள்ளைக் கோல் சாய்ந்திருந்தது.

"ரொம்ப வழவழன்னு இருக்கும்மா," என்றார் மெல்ல.

மகளுக்குத்தான் அழுகை முட்டியது.

"போங்கக்கா! எது யானை, எது எறும்புன்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்? இனிமே எப்பவும் நான்தானே ஜெயிப்பேன்!"