பதினைந்தாம் கட்டம்

பெத்தனியின் வலது குத்து கன்னத்தில் இறங்கியதும், ஷெல்பியின் பல்காப்பு ரத்தமும் எச்சிலுமாகத் தெறித்து, மேடைக் கயிற்றைத் தாண்டிப் போய் விழுந்தது.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. டொலேடோ நகரத்துத் தொழிற்சங்க மண்டபம், சனிக்கிழமை மத்தியானம். ஆளுக்கொரு கையில் பீர், இன்னொரு கையில் காரச் சாஸில் புரட்டிய கோழிச் சிறகு. அடுத்தவர் ரத்தம் என்றால் யாருக்குத்தான் உற்சாகம் வராது?

நடுவர் பல்காப்பைக் கழுவி மாட்டச் சொன்னார். இரண்டாம் சுற்று முடியப்போகிறது. அப்புறம் ஒன்றே ஒன்று பாக்கி.

பெத்தனிக்குக் குத்துச்சண்டை மேல் காதல் ஒன்றும் கிடையாது. அவளுக்கு வேண்டியது மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம். மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியாது, நாலுக்கு 3.9. ஆனால் அதே மதிப்பெண்ணோடு இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

படிப்பைத் தவிர என்ன செய்தாய் என்று எழுத விண்ணப்பத்தில் பதினைந்து கட்டங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியது, ஆய்வகத்தில் எலிக்குத் தீனி போட்டது, முதியோர் இல்லத்தில் வயலின் வாசித்து அவர்களைத் தூங்க வைத்தது என்று பதினாலு கட்டங்கள் நிரம்பிவிட்டன.

"வயலின் வாசிக்காத பொண்ணே இங்க கெடையாதும்மா," என்று கல்லூரி ஆலோசகர் ஓல்சன் அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "படிச்ச ஒடனே அந்த அட்மிஷன் கமிட்டிக்காரன் நிமிந்து உக்காரணும். அந்த மாதிரி ஒண்ணு கொண்டா."

அதற்காகத்தான் இரண்டு வருடமாகக் குத்து வாங்குகிறாள். இன்றைக்கு மாநிலப் பட்டத்துக்கான சண்டை.

மணி அடித்தது. மூலைக்குப் போய் உட்கார்ந்தவளின் முகத்தில் பயிற்சியாளர் டுவேன் தண்ணீரை வீசி அடித்தார்.

"அவ இடது கை தொங்குது, பாத்தியா? களைச்சுட்டா. வாசலத் தொறந்து வெச்சிருக்கா கண்ணு, உள்ள பூந்து அடி!"

குத்துச்சண்டைக்காரர்களுக்கு எதிராளியின் கை இறங்கினால் அர்த்தம் ஒன்றுதான். நடுவரும் அப்படித்தான் நினைத்தார். மேடையோரம் உட்கார்ந்திருந்த டாக்டரும்கூட.

மூன்றாம் சுற்றில் பெத்தனி புகுந்து அடித்தாள். முதல் குத்தில் புருவம் கிழிந்தது. அடுத்ததை விலாவில் வைத்தாள். ஷெல்பியின் மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. ஆனாலும் விழவில்லை. கிடங்கில் லாரிக்குப் பெட்டி ஏற்றிப் பிழைக்கிற உடம்பு அது. அவள் வலது கையால் திருப்பி விட்டதில் பெத்தனியின் மூக்கு உடைந்தது.

ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. பெத்தனிக்கு வெறி தலைக்கேறியது. இவளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அதை மறைப்பானேன்?

காதுக்கு மேலே இன்னொன்று வைத்தாள்.

ஷெல்பியின் இடது கால் தரையில் இழுபட்டது. வாயின் இடது ஓரம் சரிந்து, அங்கே மட்டும் எச்சில் ஒழுகியது. கை, கால், வாய், எல்லாம் ஒரே பக்கம்.

பெத்தனி கைகளைக் கீழே போட்டாள். நடுவரைப் பார்த்துக் கத்தினாள். யாருக்கும் புரியவில்லை. பல்காப்பைத் துப்பிவிட்டு மறுபடி கத்தினாள்.

"ஐயோ, நிறுத்துங்க! தலைக்குள்ள ரத்தம் கசியுது அவளுக்கு!"

ஷெல்பிக்கு அது எட்டவில்லை. வலது கையை ஓங்கி, தடுக்காமல் நின்ற பெத்தனியின் தாடையில் இறக்கினாள். அதே வேகத்தில் குப்புற விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

பெத்தனி கையுறைகளைப் பல்லால் பிய்த்து எறிந்துவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். தன் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தத்தைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

எதிராளி எழவில்லை. விதிப்படி பட்டம் பெத்தனிக்கு.

மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்த சர்ஜன் ஒரு கடிதம் கொடுத்தார். அந்தப் பெண் சண்டையை நிறுத்தியிராவிட்டால் ஷெல்பி இன்று கைத்தடியோடுகூட நடந்துகொண்டிருக்க மாட்டாள் என்று எழுதியிருந்தார். மேடையில் நடந்ததையெல்லாம் பெத்தனி பதினைந்தாம் கட்டத்தில் எழுதினாள். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

நேர்முகத் தேர்வில் கமிட்டியின் பேராசிரியர் அவளுடைய மதிப்பெண் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஓரமாக வைத்தார்.

"மார்க்கு எல்லாருந்தான் கொண்டாராங்க," என்றார். "நீங்க டாக்டர் ஆகறதுக்கு முன்னாடியே மொத பேஷண்டப் பாத்துட்டீங்களே!"

அவர் சிரித்தார். பெத்தனியும் சிரித்தாள்.

அவர் சொன்னது நிஜந்தான். ஷெல்பி அவளிடம் வைத்தியம் கேட்டிருந்தாள். சண்டைக்கு அரைமணி முன்னால், உடை மாற்றும் அறையில், கைக்குத் துணி சுற்றிக்கொண்டே, தன் பயிற்சியாளருக்குக் கேட்காத குரலில்.

"நீ டாக்டருக்குப் படிக்கப் போறவதானே? ஞாயித்துக்கெழம பயிற்சியில தலையில ஒரு அடி. அதுலேர்ந்து மண்ட பொளக்குது. காலையில ரெண்டு வாட்டி வாந்தி வேற. எறங்கலாமா, வேணாமா? சொல்லேன்."

அந்த எடைப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான். ஒருத்தி விலகினால் சண்டையும் கிடையாது, பட்டமும் கிடையாது.

"பயத்துல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றாள் பெத்தனி. "எறங்கு. ஒண்ணும் ஆகாது."