நத்தையின் கேள்விகள்

புது ஊசி மாட்டியும் தையல் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மாலையில் மகளின் நாடகம். அதற்கான உடையோ பாதியில் நின்றது. இணையத் தையல் குழுவில், “நூல் அறுந்து போகுது, உதவுங்க” என்று தாய்க்காரி ஒரு வரி போட்டாள். பதிலுக்குக் கட்டைவிரல் உயர்த்தும் படங்கள்தான் குவிந்தன. ‘நத்தை’ என்ற புனைபெயர்க்காரர் மட்டும் பழுத்த தையல்காரர் போலக் கேட்டார்:

“என்ன மாடல்க்கா? கடைசியா எதை மாத்தினீங்க? எப்படி மாட்டினீங்க?”

“போலீஸ் விசாரணையே தோத்துடும்!” என்று முணுமுணுத்தபடி எழுதத் தொடங்கினாள். ஊசியைப் பற்றி எழுத, அதைக் கழற்றிப் பார்த்தாள். கோளாறு பிடிபட்டுவிட்டது. உடையும் முடிந்தது.

“ரொம்ப நன்றிங்க! எத்தனை வருஷமா தைக்கிறீங்க?”

“எனக்குப் பொத்தான்கூட தைக்கத் தெரியாதுக்கா. பஸ் ஓட்டுறேன். வீட்டம்மாவோட மிஷினும் அதே மாடல், அதே தொல்லை. நீங்க விவரமா எழுதினா நானும் பிழைச்சுக்கலாம்னுதான் கேட்டேன். என்ன பண்ணினீங்க?”

சிரித்தவள், இந்த முறை நிதானமாக எழுதினாள்:

“ஊசியோட மேல்பகுதியில ஒரு பக்கம் தட்டையா இருக்கும் தம்பி. அது பின்னால பார்க்கணும். நான் முன்னால வெச்சிருந்தேன். திருப்பி வெச்சு, முட்டுற வரைக்கும் மேலே ஏத்தி, ஸ்க்ரூவை இறுக்குங்க. நூல் அறுந்து போகாது.”